உள்ளுறை வெப்பமும் ஒரு கரண்டியும்

எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடுகள். பதினாறிலும் தயிர் மட்டும் ஒரே தயிர். நாலாவது மாடியில், என் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் வாத்தியார் வீட்டு மாமியாரிடம் ஒரு கரண்டி உறை வாங்கிப் போகாதவர்கள் இந்தக் கட்டடத்தில் கிடையாது. அவர் உறை ஊற்றினால் பால் கல் மாதிரி இறுகும். பாத்திரத்தைச் சாய்த்தாலும் அசையாது. என்ன மாயம் என்று கேட்டால், "மாயமும் இல்ல மந்திரமும் இல்ல. பழசு தீர்றதுக்கு முந்தி ஒரு ஸ்பூன் எடுத்து வைக்கணும், அவ்வளவுதான்" என்பார். அந்த ஒரு கரண்டியை எடுத்துவைக்கத் துப்பில்லாமல்தான் பதினைந்து வீடும் கிண்ணத்தோடு அலைகிறது.

நானும் அலைகிறேன். ஆனால் என் கதை வேறு. என் வீட்டில் உறை எப்போதும் உண்டு. கிண்ணம் எனக்கு நுழைவுச் சீட்டு. கையை வீசிக்கொண்டு போனால் "என்ன விஷயம்?" என்று வாசலிலேயே கேட்பார்கள். கிண்ணத்தோடும் கரண்டியோடும் போனால் "உள்ள வா, உட்காரு" என்பார்கள். உட்கார்ந்துவிட்டால் பிறகு யார் எழுப்புவது?

நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவள். தலையணை உறை, மெத்தை உறை, சோபா உறை, மழை நாளில் ஸ்கூட்டர் உறை. சட்டை தைக்க மாட்டேன். சட்டை தைத்தால் போட்டவர் வந்து குறை சொல்வார். தலையணை வந்து குறை சொன்னதாக இதுவரை சரித்திரம் இல்லை. மிஷினைச் சன்னல் ஓரம் போடாமல் வாசல் ஓரம் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டில் மூன்று பேர். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் வாத்தியார், பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அவர் மனைவி, மனைவியின் அம்மாவான மாமியார். மாமியாரும் மருமகனும் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதையைப் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். ஆறு வருஷத்தில் ஒருவரை ஒருவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நான் கேட்கவில்லை என்றால் பேசவில்லை என்று அர்த்தம்.

அந்த ஆறு வருஷமும் வாத்தியார் தற்காலிக வாத்தியார். வருஷா வருஷம் ஒரு கடிதம் வரும்: இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது. இந்த வருஷம் கடிதம் வேறு மாதிரி வந்தது. ஒரு நிரந்தர வேலை போடப்போகிறார்கள். அது கிடைத்தால் கிடைத்தது. கிடைக்காவிட்டால் தற்காலிகமும் கிடையாது. அடுத்த வேலை ஒன்பது மணி நேரப் பயணத்துக்கு அப்பால் ஒரு கல்லூரியில் தயாராக இருந்தது. வாத்தியார் தனியாகத்தான் போக வேண்டும். அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியை விட்டுப் போக முடியாது.

"கல்யாணம் பண்ணி வச்சது ஒரு வீட்டுல இருக்கத்தானே?" என்று மாமியார் என்னிடம் புலம்பினார். "அவர் அங்க ஓட்டல்ல சாப்பிட்டுக்கிட்டு, இவ இங்க போனைப் பாத்துக்கிட்டு... எனக்கு நெனச்சாலே தூக்கம் வரமாட்டேங்குது."

எனக்கும் வரவில்லை. எதிர்வீட்டில் ஒரு ஆள் குறைந்தால் எனக்குப் பார்க்க என்ன மிச்சம்?

வேலைக்கு ஆள் எடுக்கும் விதம்தான் விசித்திரம். கல்லூரியில் துறைத்தலைவி ஒரு அம்மாள் இருக்கிறார். வாயால் மட்டும் பாடம் நடத்துகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர் போட்ட விதி இது: அடுப்படியிலும் ஆய்வுக்கூடத்திலும் சேர்ந்து புழங்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். கடைசியில் கண்ணால் பார்க்கும்படி ஒரு செய்முறை காட்ட வேண்டும். பதினைந்து நிமிஷம். வியாழக்கிழமை பதினொரு மணி. திறந்த வகுப்பு, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். செய்முறை சொதப்பினால் அதோடு சரி.

வாத்தியார் எடுத்துக்கொண்ட சொல், உறை.

புதன்கிழமை சாயங்காலம் நான் கிண்ணத்தோடு போனபோது சாப்பாட்டு மேசை முழுக்க அகராதிகள். ஒரு ஓரத்தில் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"வாங்கக்கா, உங்க தொழில் சொல்லைத்தான் எடுத்திருக்கேன்" என்றார் வாத்தியார்.

"என் சொல்லா?"

"தலையணை உறை."

"அதுல என்ன தம்பி இயற்பியல் இருக்கு?"

"அதுல இல்ல. தண்ணி உறையுது, ஐஸ் ஆகுது. அது இயற்பியல். பால் உறையுது, தயிர் ஆகுது. அது சாப்பாடு. மொளகாயைக் கடிச்சா உறைக்குது. அதுவும் சாப்பாடு. சொன்னது மண்டையில உறைச்சுதான்னு கேக்கிறோம். அது என் மாணவர்கள் சம்பந்தப்பட்டது. அப்புறம் உறைவிடம்னா தங்குற இடம். இத்தனையும் ஒரே வேர்ல இருந்து வந்துச்சா, தனித்தனியா முளைச்சதான்னுதான் மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அகராதி என்ன சொல்லுது?"

"அகராதி எல்லாத்தையும் வரிசையா நம்பர் போட்டுக் குடுத்திருக்கு. யாரு யாருக்குச் சொந்தம்னு சொல்ல மாட்டேங்குது."

"இதுல என்ன இருக்கு மாப்பிள்ளை?" என்றார் மாமியார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓடிக்கிட்டே இருக்கிறவன் ஒரு எடத்துல நின்னுட்டான்னா, அவன் அங்க குடியிருக்கான். தண்ணியும் அப்படித்தான். ஓடுறதை நிறுத்திட்டு உக்காந்துக்குது. பாலும் அப்படித்தான். எல்லாம் ஒரே சோலிதானே?"

வாத்தியார் பேனாவைத் திறந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை."

"எதை?"

"இப்ப சொன்னதை."

"வெங்காயம் உரிக்கும்போது சொன்னதை எல்லாம் எழுதுவீங்களா?" என்று மாமியார் சிரித்தார். ஆனால் இன்னொரு தடவை சொன்னார். முதல் தடவையைவிடக் கொஞ்சம் நிறுத்தி, எழுத வசதியாக.

"அப்ப என் தலையணை உறை?" என்று கேட்டேன். விட்டுக்கொடுக்க முடியுமா?

"அதுலதான் அக்கா சிக்கல். தலையணை உள்ள தங்குற எடம்னு சொல்லிச் சேத்துவிட ஆசைதான். ஆனா ஆதாரம் இல்ல. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிடப் போறேன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாரையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் வாசலில் நிறுத்திய மாதிரி இருந்தது.

பிறகு வாத்தியார் தன் செய்முறையைக் காட்டினார். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்துவந்தார். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ.

"இது தண்ணி இல்ல. ஒரு உப்பைச் சுடுதண்ணியில கரைச்சு, ஆட்டாம அசைக்காம ஆற வச்சிருக்கேன். நியாயமாப் பாத்தா இது இந்நேரம் உறைஞ்சிருக்கணும். உறையல. ஏன்னா எப்படி ஆரம்பிக்கிறதுன்னு அதுக்குத் தெரியல."

"என்ன உப்பு? விஷமா?"

"இல்லக்கா. வினிகர்ல இருந்து பண்றது. கடையில விக்கிற சிப்ஸ்ல புளிப்புக்குத் தூவுறாங்களே, அந்தக் குடும்பம்தான். அக்கா, உங்க ஸ்பூனைக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்தேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் காரியம் அது. அதில் தப்பு எதுவும் இல்லை.

ஒரு சின்ன டப்பாவிலிருந்து என் கரண்டி நுனியால் கடுகளவு உப்பை எடுத்துப் பாட்டிலுக்குள் விட்டார். அது விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பூ விரிந்தது. பூ பந்தாகி, பந்து பாட்டிலை நிறைத்து, நான் "அம்மாடி" என்று சொல்லி முடிப்பதற்குள் மொத்தமும் கல். தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"அதான் உறை ஊத்துறோமே" என்றார் மாமியார். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "ஒரு ஸ்பூன் பழசு போட்டா புதுசு அதைப் பாத்துக் கத்துக்குது."

"பால்ல உயிர் இருக்கு அத்தை. கிருமி வேலை செய்யுது, ஆறு மணி நேரம் ஆகுது. இங்க உயிர் கிடையாது. வெறும் உப்பு, வரிசையா அடுக்கிக்கிட்டுப் போகுது."

"அங்க கிருமி அடுக்குது, இங்க உப்பு அடுக்குது. ஆகமொத்தம் ஆரம்பிச்சு வைக்க ஒரு துளி பழசு வேணும். அதுதானே?"

வாத்தியார் மறுபடியும் பேனாவைத் தேடினார்.

"தொட்டுப் பாருங்க" என்று பாட்டிலை நீட்டினார். மாமியார் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "சுடுது! ஃப்ரிட்ஜ்ல இருந்துதானே எடுத்தீங்க?"

"அதுதான் இதுல அழகு. உறையும்போது உள்ள ஒளிஞ்சிருந்த சூடு வெளிய வருது. இதுக்குப் பேரு உள்ளுறை வெப்பம். உள்ளுக்குள்ள குடியிருக்கிற வெப்பம். பாத்தீங்களா, இங்கயும் உறை வந்துடுச்சு. கொஞ்ச நேரம் சூடா இருக்கும், அப்புறம் ஆறிடும்."

நாளைக்காக இதே மாதிரி மூன்று பாட்டில்கள் ஃப்ரிட்ஜில் இருந்தன. ஒன்று காட்ட. ஒன்று அது கெட்டால். இன்னொன்று அதுவும் கெட்டால். மூன்றிலும் மூடியின் மேல் காகிதம் ஒட்டி எழுதியிருந்தார்: 'திறக்காதீர்கள். தயவுசெய்து.' ஒரு துகள் விழுந்தாலும் போச்சு என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஏன் என்னைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வேடிக்கை பார்த்த மயக்கத்தில் நான் உறை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். கரண்டியைக் கழுவவில்லை. அதன் கழுத்து மடிப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அதே கிண்ணம், அதே கரண்டியோடு கிளம்பினேன். வாத்தியார் முடி வெட்டப் போயிருந்தார். மனைவி வேலைக்குப் போயாகிவிட்டது. மாமியார் ஈரத் துணி வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். படியிலேயே என்னைப் பார்த்துவிட்டார்.

"உறைதானே? ஃப்ரிட்ஜ்ல சின்னக் கிண்ணத்துல இருக்கு, எடுத்துக்கோம்மா. கதவு திறந்துதான் இருக்கு."

எதிர்வீட்டு ஃப்ரிட்ஜ், யாரும் இல்லாத வீடு, அனுமதியோடு! வாழ்க்கையில் இப்படி ஒரு காலைப்பொழுது எத்தனை தடவை வாய்க்கும்?

திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது தயிர் இல்லை, மூன்று பாட்டில்கள். 'தயவுசெய்து' என்று எழுதியிருந்ததைப் படித்தேன். மரியாதையான மனிதர். அவர் சொன்னது ஞாபகம் வந்தது. சிப்ஸில் தூவுகிற குடும்பம். அப்படியானால் ருசி எப்படி இருக்கும்? ஒரு துளி. ஒரே ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தால் வகுப்பில் யாருக்கும் குறையப் போவதில்லை.

மூடியைத் திருகிக் கரண்டியை விட்டேன். வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. கரண்டியைச் சுற்றி அந்தப் பூ விரிந்தது. இழுப்பதற்குள் பாட்டில் கல்லாகிவிட்டது. பலமாக இழுத்ததில் கரண்டி மட்டும் வந்தது, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

இனிமேல் நான் சொல்லப்போவதை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். இந்தப் பாட்டிலிலேயே ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மற்றவை நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் மனசு நிம்மதியாகிவிடும் என்று, நல்லெண்ணத்தில், இரண்டாவதைத் திறந்து அதே கரண்டியை விட்டேன்.

மூன்றாவதை நான் தொடவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

மூடிகளைத் திருகி, காகிதத்தை நீவிவிட்டு, மூன்றாவதை முன்னால் தள்ளி, கல்லாகிப்போன இரண்டையும் பின்னால் நகர்த்தி, கதவைச் சாத்திவிட்டு, நாலே எட்டில் என் வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டேன். மிஷினில் உட்கார்ந்து துணியே இல்லாமல் கொஞ்ச நேரம் தைத்தேன்.

பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாத்தியார் வந்தார். பின்னாலேயே மாமியாரும் காலி வாளியோடு இறங்கி வந்தார். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம். அப்புறம் ஆறு வருஷத்தில் நான் கேட்காத சத்தம்.

"அத்தை! பாட்டிலைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடப்போறேன்? அதான் தயவுசெய்துன்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே."

"ரெண்டு உறைஞ்சு கெடக்கு! மூணுல ரெண்டு!"

"தானா உறைஞ்சிருக்குமோ என்னமோ."

"தானா உறைஞ்சிருந்தா ராத்திரியே உறைஞ்சு இந்நேரம் ஜில்லுனு ஆகியிருக்கும். இதைப் பிடிச்சுப் பாருங்க. ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்தும் சுடுது! அரை மணி நேரம்கூட ஆகல அத்தை, யாரோ இப்பத்தான் திறந்திருக்காங்க. வீட்டுல நீங்க மட்டும்தானே இருந்தீங்க?"

நான் கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளுறை வெப்பம் என்று நேற்று அவர் சொன்னபோது எவ்வளவு அழகாக இருந்தது! அது இப்படி ஆள் காட்டிக்கொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மாமியார் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன்."

"சரி, விடுங்க" என்றார் வாத்தியார். 'நம்புகிறேன்' என்று அவர் சொல்லவில்லை. 'சரி, விடுங்க' என்றுதான் சொன்னார். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது எனக்கே சுருக்கென்று பட்டது. மாமியாருக்கு எப்படிப் பட்டிருக்கும்?

அடுத்த நிமிஷம் என் கதவு தட்டப்பட்டது. கரண்டியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுத் திறந்தேன். மாமியார்.

"உறை எடுத்தியா?"

"எடுத்தேன்மா. ரொம்ப நன்றி."

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மிஷின் மேல் கிண்ணம், பக்கத்தில் கரண்டி இல்லை. துடைத்துவைத்த மாதிரி காலி. அவசரத்தில் வந்த காரியத்தைச் செய்யாமலே ஓடி வந்திருக்கிறேன்.

"கிண்ணம் காலியா இருக்கே?"

"அது... பால்ல ஊத்திட்டேன்."

"காலையில பத்து மணிக்கா?"

நான் நகர்ந்து நின்று கிண்ணத்தை மறைத்தேன். 

"செருப்பை மாட்டு" என்றார். "கார் கூப்பிட்டாச்சு. மிச்சம் இருக்கிற ஒரு பாட்டிலை மடியில ஆடாம வச்சுக்கிட்டு வர ஒரு ஆள் வேணும். நீதான் வரணும்."

காரில் முன்னால் வாத்தியார், பின்னால் நாங்கள். துண்டில் சுற்றிய பாட்டில் என் மடியில். வாத்தியார் காகிதத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மாமியார் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வழக்கமாக "மாப்பிள்ளை, தண்ணி குடிச்சீங்களா, கைக்குட்டை எடுத்தீங்களா" என்று நூறு கேள்வி கேட்பவர், வழி முழுக்க ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லதாகப் போயிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கு உயிர் போய்த் திரும்பியது.

கல்லூரியில் படிப்படியாக இறங்கும் ஒரு வகுப்பறை. கீழே நீளமான கல்மேசை. முன் வரிசையில் துறைத்தலைவி, கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்திருந்தார். பக்கத்தில் மொழித்துறைப் பேராசிரியர் ஒருவர், எதையோ மென்றுகொண்டிருந்தார். பின்னால் மாணவர்கள். நானும் மாமியாரும் கடைசி வரிசை.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நன்றாகப் பேசினார். மேசையில் ஒரு ஐஸ் துண்டு, ஒரு கிண்ணம் தயிர், ஒரு மிளகாய் மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு, மூன்றையும் இணைக்கும் ஒரு சொல் உங்கள் எல்லார் வாயிலும் இருக்கிறது என்று ஆரம்பித்தார். உறைநிலை, உறைமோர், உறைப்பு என்று போனார். உறைவிடத்துக்கு வந்தார்.

"எந்தப் பொருள் முதல்ல வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா எங்க வீட்டுல ஒருத்தர் வெங்காயம் உரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னாங்க. ஓடுறதை நிறுத்தி ஒரு எடத்துல உக்காந்தா அது குடியிருக்கிறது. தண்ணியும் பாலும் அதைத்தான் செய்யுதுன்னு. அகராதியைவிட எனக்கு அது தெளிவா இருக்கு."

மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தலையணை உறை?" என்று கேட்டார் மொழிப் பேராசிரியர், மெல்லுவதை நிறுத்தி.

"சேத்துவைக்க ஆசைதான் சார். ஆதாரம் இல்ல."

பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை.

"சரி, செய்முறை" என்றார் துறைத்தலைவி. "அஞ்சு நிமிஷம் இருக்கு."

வாத்தியார் பாட்டிலை உயர்த்திக் காட்டினார். உறைய வேண்டியது, உறையத் தெரியாமல் திரவமாகவே நிற்கிறது என்றார். ஆரம்பித்துவைக்க ஒரே ஒரு துகள் போதும் என்றார். மூடியைத் திறந்தார். சட்டைப் பையில் கையை விட்டார்.

விட்ட கை அங்கேயே நின்றது. இன்னொரு பை. காற்சட்டைப் பை. கொண்டுவந்த பை. காகிதங்களுக்கு அடியில்.

எனக்குப் புரிந்துவிட்டது. உப்பு டப்பா வீட்டில், சாப்பாட்டு மேசை மேல் இருக்கிறது. பாட்டில் கெட்ட களேபரத்தில் அதை யாரும் எடுக்கவில்லை. எடுத்தீர்களா என்று கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. உறைந்த பாட்டில்களும் வீட்டில்தான். உறையைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேச வந்தவர் உறை இல்லாமல் வந்திருக்கிறார்.

பாட்டிலைக் குலுக்கினார். மேசையில் தட்டினார். அது கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடந்தது. ஒரு மாணவன் சிரித்தான்.

"மூணு நிமிஷம்" என்றார் துறைத்தலைவி.

என் விலாவில் ஒரு முழங்கை இடித்தது. மாமியார் நேராகப் பார்த்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்: "ஸ்பூன் உன் பையிலதானே இருக்கு?"

"எந்த ஸ்பூன்மா?"

"காலையில ரெண்டு பாட்டிலுக்குள்ள விட்ட ஸ்பூன்."

தெரிந்திருக்கிறது. காரிலேயே தெரிந்திருக்கிறது. கதவைத் தட்டும்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மருமகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தேன். கொண்டுபோய்க் கொடுத்தால் நூறு பேர் நடுவில் நான்தான் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. கொடுக்காவிட்டால் ஒன்பது மணி நேரத்துக்கு அப்பால் ஒரு ஓட்டல் சாப்பாடு. அடுத்தவர் சங்கதியை நான் ஆயிரம் மேடையில் வைத்திருக்கிறேன். என் சங்கதியை மேடையேற்றிப் பழக்கமில்லை.

"ரெண்டு நிமிஷம்."

எழுந்தேன். படிகளில் இறங்கினேன். அந்த வகுப்பறையில் ஏன் அத்தனை படி வைத்தார்களோ! கல்மேசைக்குப் போய் ஜிப்பை இழுத்து, வெள்ளைச் சட்டை போட்ட என் கரண்டியை நீட்டினேன்.

"தம்பி, இதுல கொஞ்சம் ஒட்டியிருக்கும்."

வாத்தியார் கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கரண்டியைப் பார்த்தார். சொன்னது மண்டையில் உறைக்கிறது என்பார்களே, அந்த நேரத்தில் முகம் எப்படி இருக்கும் என்பதை நான் அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கையை நீட்டினார். கரண்டியை வாங்கிப் பாட்டிலில் தொட்டார்.

பூ விரிந்தது. கடைசி வரிசை வரைக்கும் "ஓ" என்று ஒரு சத்தம். பாட்டிலைக் கவிழ்த்தார். கரண்டி உள்ளேயே நட்டுக்கொண்டு நின்றது. துறைத்தலைவி எழுந்துவந்து தொட்டுப் பார்த்து, "சுடுதே" என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அது சரி, இந்தம்மா ஸ்பூன்ல இது எப்படி ஒட்டுச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது.

"அதுதான் மேடம் என் செய்முறையோட இரண்டாம் பாகம்" என்றார் வாத்தியார். என்ன சமாளிப்பு! "இன்னைக்குக் காலையில எங்க வீட்டுல ரெண்டு பாட்டில் உறைஞ்சுபோச்சு. எப்ப உறைஞ்சதுன்னு யாரும் பாக்கல. ஆனா தொட்டா சுட்டுது. உள்ளுறை வெப்பம் இன்னும் முழுசா வெளிய போகல. அதனால அரை மணி நேரத்துக்குள்ளன்னு தெரிஞ்சுது. யாரோட வேலைன்னு தெரியல. ஒரு நல்லவங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்." கடைசி வரிசையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "அத்தை, மன்னிச்சுக்கோங்க. உண்மையான ஆள் ஆதாரத்தோட தானே வந்து நின்னுட்டாங்க."

நூறு பேரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டு வாங்கி அதுவரை பழக்கமில்லை. கும்பிடு போடுவதா, மயங்கி விழுவதா என்று தெரியாமல் கும்பிடு போட்டேன்.

திரும்பி வரும்போது காரில் மாமியார், "தண்ணி குடிச்சீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். அவரும் குடித்தார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. 'நீட்டிக்கப்படுகிறது' என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. நான் படிக்கவில்லை, வாசலில் வைத்து அவர் உரக்கப் படித்தார். என் மிஷின் வாசல் ஓரம் இருக்கிறது, நான் என்ன செய்ய? என் கரண்டி மட்டும் திரும்ப வரவில்லை. துறைத்தலைவி அதைப் பாட்டிலோடு கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டாராம். கல்லூரியில் என் பொருள் ஒன்று நிரந்தரமாகிவிட்டது.

உறை கொடுப்பதை மாமியார் நிறுத்தவில்லை. ஆனால் விதி மாறிவிட்டது. நான் வாசலில் நிற்க வேண்டும். அவர் தன் கரண்டியால் என் கிண்ணத்தில் போடுவார். நிலைப்படி தாண்ட அனுமதி இல்லை. "உனக்கு எதுக்கும்மா செரமம்?" என்பார், சிரித்த முகமாக. மூன்று வாரமாக எதிர்வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒரு எழவும் தெரியவில்லை. இளைத்தே போனேன்.

நேற்று அவரே என் வாசலுக்கு வந்தார். வாத்தியார் அடுத்த பாடத்துக்கு மறுபடி என்னென்னவோ பாட்டில்கள் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாராம்.

"ஃப்ரிட்ஜுக்கு ஒரு உறை தச்சுக் குடு" என்றார். "நல்ல கெட்டித் துணியா. முன்னால ஜிப் வச்சு, ஜிப் முடியுற எடத்துல சின்னப் பூட்டு மாட்டுற மாதிரி ஒரு வளையம். யாருக்காகன்னு கேக்காதே."

கேட்கவில்லை. அளவுநாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"சரிம்மா. நாளைக்குக் காலையில வர்றேன்."

"எங்க வர்றே?"

"அளவு எடுக்க வேண்டாமா? ஃப்ரிட்ஜ் உங்க அடுப்படியிலதானே இருக்கு? உயரம், அகலம், அப்புறம் கதவைத் திறந்து ஆழம்."

மாமியார் என் அளவுநாடாவை முறைத்தார். பூட்டுக்கு உறை வேண்டும், உறைக்கு அளவு வேண்டும், அளவுக்கு நான் வேண்டும்.

"ஆழம் எதுக்கு?" என்றார் கடைசியில்.

"தையல்ல அதெல்லாம் இருக்கும்மா" என்றேன்.